சல்லடையில் தங்கியது

என் அக்காவுக்கு உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கி ஆறு வருடங்கள் ஆகின்றன. எனக்கு அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்து இரண்டு வருடங்கள். முடியை முளைக்கச் சொல்லி உத்தரவு போடும் செல்கள் தோலுக்குள் இருக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு உயிரோடு பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை. இதுவரை ஒன்றையும் பிரித்தபாடில்லை.

சாயம் ஏற்றினால் அந்தச் செல்கள் மட்டும் சிவக்கும், ஆனால் செத்துவிடும். ஏற்றாவிட்டால் உயிரோடு இருக்கும். எது எதுவென்று தெரியாது. எனவே எங்கள் தலைவர் எழுதிவைத்த செய்முறைப்படி, தோல் துண்டை நொதியில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டி, கீழே இறங்கியதை வளர்த்து எலியின் மொட்டை முதுகில் செலுத்துவோம். எலி மொட்டையாகவே இருக்கும். தலைவருக்கு என்ன கவலை, அவருக்கு அடர்த்தியான முடி. அவர் இல்லாத நேரத்தில் அவர் பெயர் காடு.

முடி மாற்றும் மருத்துவர் ஒருவர் மிச்சத் தோலை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தொழிலை விட்டதும் அதுவும் நின்றது. மூன்று மாதத்தில் ஒரு முடியாவது முளைக்காவிட்டால் மூடிவிடுவோம் என்றது மேலிடம். அக்காவிடம் கேட்டேன். பின்னந்தலையில் அவளுக்கு முடி நன்றாகவே இருந்தது. அதை மேலே தூக்கிச் சீவி ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். மிளகளவு தோல் போதும் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"இதான் கடைசி. இதையும் கெடுத்துட்டு வந்து நின்னேன்னா, அடுத்தது உன் தலையில வெட்டிக்கோ."

வேலை போவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பயம்.

துண்டு வந்தது. ஊறவைத்தேன், வடிகட்டினேன். வழக்கம்போல் சல்லடையில் சில கட்டிகள் தங்கின. செய்முறையில் அவற்றுக்கு ஒரே வரி: கட்டிகளை அப்புறப்படுத்தவும். முந்நூறு பேருடைய கட்டிகளைக் குப்பையில் தட்டியவள் நான். அக்காவுடையதைத் தட்ட மனம் வரவில்லை, அவள் கொடுத்ததே மிளகளவு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மற்ற செல்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போயிருக்க, இவை மட்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டிக்கு மட்டும் சாயம் ஏற்றினேன். முழுவதும் சிவந்தது. இரண்டு வருடமாகத் தேடியதைக் கொட்டிவிட்டு, கொட்ட வேண்டியதை வளர்த்திருக்கிறோம்.

தலைவரிடம் சொன்னேன். செய்முறைத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பழைய குப்பை எங்கே போகும் என்று கேட்டார். எரித்துவிடுவார்கள் என்றேன். சரி என்றார்.

மிச்சக் கட்டிகளை, அதே துண்டின் மேல்தோல் செல்களோடு சேர்த்து எலியின் முதுகில் வைத்தேன். ஒன்பதாவது வாரம் முளைத்தது. கறுப்பாக, பதினோரு முடிகள்.

அக்காவைக் கூட்டிவந்தேன். கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வெகுநேரம் எலியையே பார்த்தாள்.

"எனக்கு எப்ப வரும்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"பத்து வருஷமாவது ஆகும்க்கா. வராமலும் போகலாம்."

தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் கையுறையைக் கழற்றினாள். அந்தப் பதினொன்றையும் வெறும் விரலால், படிய வாருவதுபோல், மெல்லத் தடவினாள். விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும். யாரும் உள்ளே வந்துவிடாதபடி கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.