கழிப்பறை வாசலில் ஒரு துப்பாக்கி

மார்லிஸுக்கு அவசரம். காலையில் ஷட்டில் பஸ்ஸில் குடித்த காபியின் வேலை அது. மொன்டானாவின் அந்தத் தேசியப் பூங்காவில் பார்வையாளர் மையத்துக்குள் இருந்ததே ஒரே ஒரு கழிப்பறை. வரிசை வாசலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.

அவசரத்தைவிட அவளுக்குப் பெரிய தொல்லை, முன்னால் நின்றவனின் இடுப்பு. அதில் துப்பாக்கி தொங்கியது. முப்பது வருஷம் பள்ளி நூலகத்தில் 'உஷ்' என்று சொல்லியே காலம் தள்ளியவள் அவள். பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். காலையிலேயே மையத்தின் கவுண்டரிலிருந்த ரேஞ்சர் நடீனிடம் முறையிட்டாயிற்று.

"சட்டத்துல இடமிருக்கு மேடம். பூங்காக்குள்ள வச்சுக்கலாம், கட்டடத்துக்குள்ள மட்டும் கூடாது. பயமா இருந்தா கிட்ட போகாதீங்க," என்றிருந்தாள் நடீன்.

முன்னால் நின்றவன் வாசலுக்கு வந்ததும் கதவிலிருந்த தடைப் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கார் நிறுத்துமிடம் மூன்று மைல் தள்ளி. திரும்பி வரிசையிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாக எடை போட்டான்.

"மேடம், உங்க மூஞ்சியப் பாத்தா நம்பிக்கையா இருக்கு. ரெண்டே நிமிஷம்," என்று துப்பாக்கியை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

யார் எதை நீட்டினாலும் வாங்கி வைத்துப் பழகிய கை, வாங்கிவிட்டது. துப்பாக்கியோடு உள்ளே நுழைய முடியாது, ஆகவே வரிசையும் போச்சு. ஓரமாக நின்றவளைப் பார்த்து, அங்கே பொருள் பாதுகாப்பு வசதி இருக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் தங்கள் துப்பாக்கிகளையும் கொடுத்தார்கள். ஒருவர் ரசீது கேட்டார்.

அந்த இருவரும் போய் வந்து தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். முதல் ஆள் மட்டும் வரவில்லை. துப்பாக்கியை மறந்து, பின்வாசல் வழியாக வெளியேறி பஸ் ஏறிவிட்டிருந்தான், மகராசன்.

மார்லிஸ் கால்களைப் பின்னிக்கொண்டு வாசலிலிருந்தே கூப்பிட்டாள். "நடீன், இதக் கொஞ்சம் வாங்கிக்கோயேன்மா."

"உள்ள கொண்டு வராதீங்க மேடம்!"

"அப்ப நீ வெளிய வா."

"கவுண்டர விட்டுட்டு வரக் கூடாது. மூணு மணிக்கு அடுத்த ஆள் வருவார்."

"கீழ வச்சிடட்டுமா?"

"ஐயையோ, ஆளில்லாம விடவே கூடாது."

மணி ஒன்று பத்து. மூன்று மணிவரை தாங்காது என்பது மார்லிஸுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வரிசைப் பக்கம் திரும்பி, கையிலிருந்ததை நீட்டி, "யாராவது தயவுபண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

வரிசை முழுக்கக் கைகள் உயர்ந்தன.

"நீங்களே முதல்ல போங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றார் தாடிக்காரர் ஒருவர். அடுத்த கணம் வாசலில் ஈ காக்கை இல்லை. உள்ளே இருந்தவர்கூட பாதியில் எழுந்து ஓடியிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாகக் கழிப்பறை காலியாக, கதவு திறந்தபடி கிடந்தது. அவளால்தான் போக முடியாது.

வேறு வழியில்லை. கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பைன் மரங்களுக்குள் விறுவிறுவென்று நடந்தாள். கரடி நடமாடும் இடம் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தது. புதர் ஒன்றின் மறைவுக்குப் போய், ஒரு கையால் பேன்ட் பட்டனைத் தேடும்போது பின்னால் சருகு நொறுங்கியது.

அவள் திரும்பினாள். துப்பாக்கி அவளுக்கு முன்பே திரும்பியிருந்தது.

ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்த அவள் கணவர் ஆரின் அவளைத் தேடி வந்து நின்றுகொண்டிருந்தார். தலைக்குமேல் தூக்கிய இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீம் கூம்புகள். உருகி முழங்கைவரை வழிந்தது.

"மார்லிஸ், நான்தான்."

அவள் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இருக்கக் கூடாத இடத்தில்தான் இருந்தது. அதை மெதுவாக எடுத்தாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்.

ஆரின் ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து நீட்டினார். "சரி, போகட்டும். என்கிட்ட குடு. நான் வச்சிருக்கேன், நீ போயிட்டு வா."

ஒரு மணி நேரமாக அவள் கேட்கத் துடித்த வார்த்தை. மார்லிஸ் அவரைப் பார்த்தாள், இருண்ட புதரைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."