மங்கையின் பானை

புஷ்பவல்லி டீச்சருக்கு ஆசை கொஞ்சம் அதிகம். நாடே முதன்முதலாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தை மாதத்தில், திருவொற்றியூர்க் குப்பத்துப் பள்ளிக்கூடத்திலும் ஒரு தேர்தல் நடத்தியே தீருவது என்று கிளம்பிவிட்டாள். ஜெயிக்கிற பிள்ளைதான் மாணவர் தலைவர். குடியரசு தினத்தில் கொடியேற்றுவதும் அந்தப் பிள்ளைதான்.

நின்றது இரண்டு பேர். ஒருத்தி மங்கை, படிப்பில் கெட்டி. அந்தக் கொடிக்கயிற்றை ஒருதரம் இழுத்துவிட வேண்டும் என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தவள். இன்னொருவன் தேசப்பன். மீன்பாடு இல்லாத நாளில்தான் பள்ளிக்கூடப் பக்கம் தலைகாட்டுவான். ஆனால் குப்பத்துக்குத் தலைவரான பெரியதனக்காரரின் மகன்.

பெரிய தேர்தலைப் போலவே டீச்சர் ஏற்பாடு செய்தாள். பெட்டிக்குப் பதில் ஆளுக்கொரு பானை. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் பின்னால் போய், பிடித்தவர் பானையில் ஒரு சிப்பியைப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, பயப்படாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். பாதிப் பேருக்கு மேல் மங்கைக்குத்தான் போடுவோம் என்று டீச்சரிடமே குசுகுசுத்திருந்தார்கள்.

எண்ணும்போது தேசப்பனின் பானை நிரம்பிக் கிடந்தது. மங்கையின் பானையை டீச்சர் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. கையை விட்டுத் துழாவினாள். ஒரு சிப்பிகூட இல்லை.

மங்கையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முந்தின சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கிறது. வலைத் தகராறைத் தீர்த்த கையோடு, பள்ளிக்கூடத்துக் கொடியைத் தேசப்பன் ஏற்றட்டும் என்றும் தீர்த்துவிட்டார்கள். ஊர் சொன்னபின் வீட்டுக்கு ஒரு பேச்சு கிடையாது. மீறின வீட்டைத் தள்ளிவைப்பார்கள். அந்த வீட்டு ஆளோடு கட்டுமரம் ஏற ஒருத்தன் வரமாட்டான்.

டீச்சருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மற்றவர்கள் போகட்டும், நீயாவது உனக்குப் போட்டுக்கொண்டிருக்கலாமே, பலகைக்குப் பின்னால் உன்னை யார் பார்த்தார்கள் என்று கேட்டாள்.

"ஒரே ஒரு சிப்பி இருந்தா அது என்னுதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும் டீச்சர். அப்பால எங்க நைனா யாரோட கடலுக்குப் போவும்?"

போய்ப் பிள்ளைகளோடு வரிசையில் நில் என்று டீச்சர் அவளை அனுப்பிவைத்தாள்.