ஏலியாம்மாவின் சாட்சி

"தலையணையை இன்னும் கொஞ்சம் ஏத்தி வை," என்றார் சாமுவேல்குட்டி. சவப்பெட்டியில் கிடந்த மனைவியின் கழுத்து வீக்கம் வந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. பிளெஸ்ஸி தலையணையைத் தொடவில்லை. அம்மாவின் வெள்ளைப் புடவைச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"பாஸ்டர் வந்துட்டாரு. வீட்டுக்காரங்க சார்பா நீதான் பேசணும். ஹார்ட் நின்னுபோச்சுன்னு சொன்னாப் போதும்."

"எல்லாருக்கும் கடைசில அதுதானே அப்பச்சா நிக்குது."

"அதைத்தான் நானும் சொல்றேன். பொய் இல்லையே."

மனுஷர் வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர். பாவம், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டார். தலையணையை அவரே உயர்த்தினார். அதில் ஏலியாம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. பிளெஸ்ஸிதான் அதை நேராக்கினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏலியாம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி, மருந்தேற்றி, கொட்டிய முடி மறுபடி வளர்ந்தபோது, டாக்டர் "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை, ஆனா விடாம வந்து காட்டணும்" என்றார். முன்பாதி மட்டும் அவள் காதில் விழுந்தது. அந்த வருஷம் ஆற்றங்கரையில் நடந்த சபைக் கன்வென்ஷன் பந்தலில் மேடையேறி, கர்த்தர் சுகமாக்கினார், புற்று வேரோடு போய்விட்டது என்று சாட்சி சொன்னாள். பம்பைக் கரையே அழுதது. அதன்பிறகு எங்கெங்கிருந்தோ பெண்கள் அவளிடம் ஜெபிக்க வந்தார்கள். செக்கப்புக்குப் போவது விசுவாசக் குறைச்சலாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் லீவுக்கு வந்த பிளெஸ்ஸி அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிடும்போதுதான் அக்குளில் ஒரு கட்டி அவள் கையில் தட்டியது.

"எப்பலேருந்து அம்மச்சி?"

"ஆச்சு, எட்டு மாசம்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"மேடையேறிச் சொன்னதை எப்படி மோளே திருப்பி எடுக்கறது? என்னை நம்பி எத்தனை பேர் வர்றாங்க. கர்த்தரைப் பொய்யராக்கச் சொல்றியா?"

அதற்குள் எலும்புவரை போயிருந்தது. பிளெஸ்ஸிக்கு அம்மாமேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. சாவுவீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத கோபம்தான், ஆனாலும் இருந்தது.

திருவனந்தபுரத்தில் அவள் ஆராய்ச்சியில் சேர்ந்து முதல் வருஷம். மூலிகைச் சாறு புற்றுச் செல்லை எப்படிக் கொல்கிறது என்று பார்க்கும் சுலபமான தலைப்பு கிடைத்திருந்தது. சீக்கிரம் முடித்து வேலைக்குப் போய்விடலாம். காலையில் கைடுக்குச் சாவுச் செய்தி சொல்லப் போன் செய்தவள், "சார், அந்த இன்னொரு தலைப்பை நான் எடுத்துக்கறேன்" என்றாள். போன புற்று ஏன் திரும்பி வருகிறது என்பது அது.

"இப்பவா பேசுவாங்க இதை? அது வருஷக்கணக்கா இழுக்கும்மா. கடைசில ஒண்ணும் கிடைக்காமலே போகலாம்."

"போகட்டும் சார். எம் பேரை எழுதிக்கங்க."

பாட்டு முடிந்தது. பாஸ்டர் மைக்கை நீட்டினார். அப்பச்சனின் கண் அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அம்மச்சி சொன்ன சாட்சி பொய் இல்ல," என்றாள் பிளெஸ்ஸி. "அன்னிக்கு டாக்டர் கண்ணுக்கே எதுவும் தெரியல. ஆனா நாலஞ்சு செல்லு எங்கயோ தூங்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் முழிச்சுக்கிச்சு. ஏன் முழிச்சுதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. அதைத்தான் நான் படிக்கப் போறேன்."

மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது திரும்பி வந்ததை அம்மச்சி மறைச்சு வெச்சாங்க. உங்க நம்பிக்கை போயிடக் கூடாதுன்னு மறைச்சாங்க. சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க. உங்கள்ல யாராவது அப்படி மறைச்சிருந்தா சொல்லிடுங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

சாமுவேல்குட்டி தரையைப் பார்த்தார். பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தார்.

கடைசியாக முகம் பார்க்க வரிசை நகர்ந்தது. மூன்றாம் வீட்டு லீலாம்மா வந்தாள். ஏலியாம்மாவுக்கு அடுத்த வருஷம் அதே மேடையில் அதே வியாதிக்குச் சாட்சி சொன்னவள். பெட்டிக்குள் ஒரு பூவை வைத்தாள். பிறகு பிளெஸ்ஸியின் கையைப் பிடித்து, தன் புடவைத் தலைப்புக்குள் இழுத்து, அக்குளில் அழுத்திக்கொண்டாள்.

பிளெஸ்ஸியின் விரல்களுக்கு அது தெரிந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும் சேச்சி?"

லீலாம்மா பெட்டியைப் பார்த்தாள். "உங்கம்மாவுக்கு மட்டும்தான்."

பிளெஸ்ஸி கையை எடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், லீலாம்மாவைப் பார்த்தாள். வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "நகருங்க, மழை வருது," என்றார்கள்.

சாமுவேல்குட்டி இருவரையும் பார்த்தார். குனிந்து, ஏலியாம்மாவின் தலைக்கடியில் ஏற்றி வைத்திருந்த தலையணையை மெதுவாக இறக்கினார். கழுத்து வீக்கம் வெளியே தெரிந்தது.

"நிக்கட்டும்," என்றார். "அவங்க பேசி முடிக்கட்டும்."