பன்னிரண்டாவது படம்

பாடையில் பச்சைத் தென்னங்கீற்றை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மலை திறந்தது. காளியாத்தாள்தான் முதலில் பார்த்தாள். இருபத்திமூன்று நாள் மழைமூட்டத்துக்குள் கிடந்த நீலகிரி, பாறையும் பள்ளமுமாகக் காலை வெயிலில் பளிச்சென்று நின்றது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நாள் முந்தித் திறந்திருக்கக் கூடாதா?

நேற்று இதே நேரத்தில்தான் அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி மொட்டைமாடியில், ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவுக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எஸ்.டி.டி. போட்டுச் சொல்லி, மகன் தனபால் பம்பாயிலிருந்து வந்து சேர ஒரு நாள் ஆகிவிட்டது.

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிக்காரருக்கு அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் மேல் அப்படி ஒரு பித்து. அதிலும் ஆன்சல் ஆடம்ஸ் என்றால் உயிர். "வருசத்துக்குப் பன்னெண்டு நல்ல படம் அமைஞ்சா அதுவே நல்ல வெள்ளாமைன்னு அவரு சொல்லியிருக்காரு அம்மணி" என்பார். அவர் கேமராவில் ஒரு ஃபிலிம் ரோலுக்கும் பன்னிரண்டு படம்தான். அதனால் வருஷத்துக்கு ஒரே ரோல். இந்த வருஷம் பதினொன்று முடிந்து, கடைசிப் படம் மலைக்காகக் காத்திருந்தது.

"மலை எங்கீங்க போயிறப் போகுது?" என்று அவள் கேலி செய்வாள்.

"வெளிச்சம் போயிருமே கண்ணு. ஒருக்கா ஆடம்ஸ் நிலாவை எடுக்கறப்ப வெளிச்சம் அளக்கற மீட்டரையே காணோம். மனக்கணக்குலயே எடுத்துப்போட்டாரு. ரெண்டாவது எடுக்கறதுக்குள்ள வெயில் போயிருச்சு."

நாத்தனார் தோளைத் தொட்டாள். "அண்ணி, எந்திரிங்க. தூக்கப் போறாங்க."

"இதா வாரேன்."

எழுந்தவள் மாடிப்படியில் ஓடினாள்.

"ஏனுங்கம்மா, எங்க போறீங்க?" என்றான் தனபால்.

கேமராவை மூடியிருந்த பாலித்தீனை உருவிப் போட்டாள். ஃபிலிமைச் சுற்றித் தயாராகவே வைத்திருந்தார் மனுஷன். மலைமேல் வெயில் விழுந்தால் லென்ஸ் துவாரம் பதினாறு, ஷட்டர் வேகம் நூற்றிருபத்தைந்து. தினமும் காதில் ஓதியது வீண்போகவில்லை. இரண்டு சக்கரங்களையும் திருப்பினாள். பக்கத்து முகட்டிலிருந்து ஒரு மேகம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. இழவு வீட்டில் இப்படிச் சந்தோஷமாக இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். "போறவன் வர்ற மாதிரி இருப்பான் பாரு" என்று காட்டிச் சிரிப்பார்.

கீழே சங்கு ஊதினார்கள். பாடை கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. மண்டியையும் தாண்டி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

மலைக்கு அடியில், கண்ணாடியின் ஓரத்தில் பாடை நுழைந்தது. தினமும் மத்தியானம் மண்டியிலிருந்து சாப்பிடத் திரும்புவாரே, அந்தத் திசையில் அது வந்துகொண்டிருந்தது.

மேகம் பாறையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. காளியாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் நடுவில் வரட்டும் என்று காத்திருந்து, பொத்தானை அழுத்தினாள்.