வழிகாட்டியின் எச்சில்

பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன் ஆய்வகத்துக்குள் வருவது அபூர்வம். வந்தால் கூடவே ஒரு புகைப்படக்காரரும் வருவார். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கும் அந்த மரபியல் நிறுவனத்தில், பழைய எலும்புகளிலிருந்து மனித மரபணுவை எடுத்து ஆராயும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கோலார் பக்கம் ஒரு மாந்தோப்பில் கிடைத்த முதுமக்கள் தாழியிலிருந்து சில பற்கள் அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றைப் பொடித்து மரபணு எடுப்பது ஆம்பூரிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்திருந்த தாரணியின் வேலை. அதைப் பற்றிப் பேட்டி கொடுப்பது பேராசிரியரின் வேலை.

அத்தனை பழைய பல்லில் மரபணு மிஞ்சியிருந்தால் இம்மியளவு இருக்கும். பக்கத்தில் ஒருவர் தும்மினால் போதும், அதைவிட அதிகமாகத் தும்மியவருடையது விழுந்துவிடும். அதனால் அந்த அறைக்குள் நுழைகிற எவரும் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, 'ஸ்வாப்' என்று அவர்கள் சொல்லும் அந்த மாதிரியை முதலில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பல்லில் ஏதாவது கிடைத்தால், உள்ளே வந்துபோன யாருடையதாவதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கூட்டிப் பெருக்கும் அம்மா கொடுத்திருந்தார். ஏசி பழுதுபார்க்க வந்தவர் கொடுத்திருந்தார். பேராசிரியர் மட்டும் கொடுக்கவில்லை.

"என் டி.என்.ஏ. என் பிரைவசி" என்று சொல்லிவிட்டார்.

சென்ற ஆண்டு ஒரு வார இதழ் அட்டைப்படத்துக்கு அவரைக் கேட்டது. முகக்கவசம் போட்டால் முகம் தெரியாது; கையுறை போட்டால் கை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் பல்லை உள்ளங்கையில் ஏந்தி, திறந்து கிடந்த குழாய்களின் மேல் குனிந்து, அறிவியலில் அடக்கம் ஏன் அவசியம் என்று புகைப்படக்காரருக்கு நெடுநேரம் சொற்பொழிவாற்றினார். தாரணி கதவருகே நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து நடந்த சோதனையில், உலகின் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத ஒரு தாய்வழி மரபு அந்தப் பல்லில் தெரிந்தது. பேராசிரியர் துள்ளிக் குதித்தார். அழிந்துபோன அரச வம்சம் என்றார். 'ராஜமாதா' என்று பெயரும் சூட்டிவிட்டார்.

"சார், பல்லே போடாம வெறும் தண்ணிய வச்சு ஒரு டியூப் ஓட்டுவோம்ல? அதுல ஒண்ணுமே வரக்கூடாது. அதுலயும் ராஜமாதாதான் வர்றாங்க" என்றாள் தாரணி.

"தண்ணில வந்தா தண்ணி எடுத்தவ தப்பு."

"என் ஸ்வாப்போட ஒத்துப்போகல சார். இங்க ஸ்வாப் கொடுத்த யாரோடயும் ஒத்துப்போகல."

"எதிர்த்துப் பேசவா உனக்கு ஸ்டைபண்ட் தர்றாங்க?"

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையிலும், "இந்தப் பொண்ணு கையில சுத்தம் கிடையாது. வீட்டுல என்ன வளர்ப்போ" என்றார். மாணவர்களெல்லாம் தன் பிள்ளைகள் என்று மேடைதோறும் சொல்கிறவர். தாரணி அன்று அழவில்லை. கையை மட்டும் கழுவினாள். சுத்தமாக இருந்த கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம் என்று தெரிந்ததும் குழாயை மூடினாள். அன்றிலிருந்து அவருக்கு 'குட்மார்னிங்' சொல்லும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் அவள் காதில் ஓடியது.

கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் பாலகுமார். அவன் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. ராஜமாதாவைப் பார்த்து "வாவ் சார்" என்றது அவனுடைய பங்களிப்பு. தாரணியின் பெயர் கடைசியில், ஆய்வுக் கலன்களைக் கழுவி உதவியமைக்காக நன்றி பெற்றிருந்தது.

அவள் ஆய்வேட்டின் இறுதி அத்தியாயம் ராஜமாதாவை இக்காலத்து மனிதர் யாரோ ஒருவரின் கலப்படம் என்றது. அதை எடுத்தால்தான் கையெழுத்து என்றார் பேராசிரியர்.

"எடுத்துட்டு டிகிரிய வாங்கிட்டுப் போயேன் கண்ணு. எதுக்குத் தலநோவு?" என்றார் டோரதி. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் துறைச் செயலர். எந்தப் பேராசிரியர் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அத்துப்படி.

"எடுத்தா அழுக்குக் கைக்காரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆன்ட்டி."

"அப்போ? பெட்டிஷனா? ஏற்கெனவே என் பீரோ வழியுது."

"பெட்டிஷன் இல்ல. அவர் எச்சில் வேணும்."

டோரதி டீயைக் கீழே வைத்தார். "ஓ ஜீசஸ். இவ்ளோதானா? அவர் குடிச்ச காபி கப்பை எடுத்துத் தர்றேன்."

"திருடினா செல்லாது ஆன்ட்டி. அவரே கொடுக்கணும். எல்லார் முன்னாடியும்."

"மைக் இருந்தா கொடுப்பாரு" என்றார் டோரதி.

நிறுவனத்தின் 'ஓப்பன் டே' வந்தது. பொதுமக்கள் வந்து பார்க்கும் இரண்டு நாள் விழா. தாரணி 'உங்கள் ஆதித் தாய் யார்?' என்று ஒரு கடை போட்டாள். முதல் நாள் எச்சில் கொடுத்தால் மறுநாள் நிறைவு விழாவில் திரையில் முடிவு. அமைச்சர் கொடுக்கச் சம்மதித்திருந்தார். தாரணி பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், மினிஸ்டர் பக்கத்துல உக்காந்து ஸ்வாப் கொடுக்க ஒருத்தர் வேணும். கெமிஸ்ட்ரி சாரைக் கேட்டிருக்கோம்."

"அவனையா? அவனுக்கு ஜீனுக்கும் ஜீன்ஸுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"உங்களுக்குத்தான் பிரைவசி பிரச்சன சார்..."

"டிவி வருதா?"

"ரெண்டு சேனல் சார்."

"பொது நன்மைக்கு முன்னாடி பிரைவசி என்னம்மா பிரைவசி" என்றார். விழாவின் முதல் நாள் அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தபடி வாயைத் திறந்து ஸ்வாப் கொடுத்தார்.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. அமைச்சருக்கு ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் மரபு. மக்களோடு மக்கள் என்று கைதட்டினார்கள். அடுத்து வெங்கடகிருஷ்ணனின் பெயர் திரையில் வந்தது. அதன் கீழே: ராஜமாதா.

அறிவாளி என்றால் அதன் அர்த்தம் புரிந்து அந்தக் கணமே மயங்கி விழுந்திருப்பார். பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஆச்சரியமே இல்ல. சின்ன வயசுலேர்ந்தே உள்ளுக்குள்ள ஒரு ராஜ உணர்வு இருந்துண்டே இருக்கும். அந்த வம்சம் அழியல. உங்க முன்னாடி நிக்கிறது!"

அமைச்சர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். கைதட்டல் அடங்கும்வரை தாரணி காத்திருந்தாள். இன்னொரு மைக் அவள் கையில் இருந்தது.

"ஒரு சின்ன சந்தேகம் சார். அதே ராஜமாதா நம்ம தண்ணி டியூப்லயும் வந்தாங்க. தண்ணியும் உங்க வம்சமா?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவர் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த மரபியலாளர். அவர் ஏன் சிரித்தார் என்பது பக்கத்து நாற்காலிக்குப் புரிந்தது, பிறகு அடுத்த வரிசைக்கு. கடைசியில் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் புரிந்தது. பாலகுமார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். விழா முடியும்வரை நிமிரவில்லை. மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று பேராசிரியரின் கை கழுத்தருகே போய்ப் போய் வந்தது.

மறுநாள் இயக்குநர் அவரை அழைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். நிறுவனம் உலகத்தை ஏமாற்றியது என்று பேர் வரலாம். அல்லது, தவறை நிறுவனமே கண்டுபிடித்தது என்று பேர் வரலாம். இரண்டாவதற்கு ஒரே ஆதாரம் தாரணியின் இறுதி அத்தியாயம். வழிகாட்டியான பேராசிரியர் கையெழுத்திட்ட ஆய்வேட்டில் அது இருந்தால் அவர் பதவியும் தப்பும்.

பேராசிரியரே தாரணியைத் தன் அறைக்கு அழைத்து, "உக்காரும்மா" என்றார். அத்தனை வருடத்தில் முதல்முறை. ஆய்வேட்டைப் புரட்டியவர் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வரியில் நின்றார்.

"'கலப்படமான மரபணு ஆய்வு வழிகாட்டியுடையது'ன்னு இருக்கே. 'ஒரு பணியாளருடையது'ன்னு மாத்திடலாமே?"

"பணியாளருங்க எல்லாரும் ஸ்வாப் கொடுத்தவங்க சார். யாரோடதும் இல்லைன்னு முந்தின பக்கத்துல இருக்கு. கூட்டிப் பெருக்குற அம்மா மேல போடலாங்கிறீங்களா?"

"கட்டுரைல உன் பேரை முதல்ல போட்டுடறேன்."

"வாபஸ் வாங்கப்போற கட்டுரைலயா? அது பாலகுமாருக்கே இருக்கட்டும் சார். ஆசையா வாங்கினான்."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

"கீழ பேரையும் தெளிவா எழுதிடுங்க சார். வேற யாரோ வழிகாட்டின்னு நெனச்சிடப் போறாங்க."

எழுதினார். தாரணி மை காயும்வரை ஊதிவிட்டு, பையிலிருந்து மீதிப் பிரதிகளை எடுத்து அவர் முன் அடுக்கினாள்.

"இது யுனிவர்சிட்டிக்கு. இது நம்ம லைப்ரரிக்கு, யார் வேணா எடுத்துப் படிக்கலாம். இது டோரதி ஆன்ட்டி கேட்டாங்க."