கை நீட்டாத பிள்ளை

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிலக்ஷியின் முதுகு ஊர்ச் சொத்து. சிறு வயதிலிருந்தே பக்கவாட்டில் வளைந்துவந்த முதுகெலும்பைப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து, கம்பி வைத்து நிமிர்த்தி அனுப்பியிருந்தார்கள். வழியில் கண்டவர்களெல்லாம் நடந்து காட்டச் சொல்வார்கள். அவளும் நடந்து காட்டுவாள். நல்ல சனம்தான், அதற்காக ஒரு மனுஷியின் முதுகை இப்படியா மாறி மாறித் தடவிப் பார்ப்பது?

அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் தோட்டத்தை நடத்தும் துரை அவளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாகப் போட்டார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை. லயத்து வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தவளைத் தேடி விடிந்ததும் ஒரு பட்டாளமே ஓடிவந்தால் யாருக்குத்தான் இனிக்காது? அந்த வேலை அவளுக்கு உயிர்.

ஒருநாள் பிள்ளை ஒன்றைத் தூக்கியபோது இடுப்புக்கு மேலே 'டக்'கென்றது. படம் பிடித்துப் பார்த்த டொக்டர், கீழ்ப்பக்கத்து எலும்பு ஒட்டவேயில்லை, கம்பி முறிந்துவிட்டது என்றார். யார் பிழையும் இல்லையாம், சிலருக்கு அப்படி ஆகுமாம். மறுபடி அறுக்க வேண்டும், அதுவரை குனியக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது. இந்தத் தடவையாவது ஒட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் அவர். அந்தப் 'பார்க்கலாம்' அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் நாளைக் கடத்தினாள்.

விஷயத்தை அம்மா பேச்சியம்மாவிடம் மட்டும் சொன்னாள். வெளியே மூச்சு விடாதே, தெரிந்தால் நாளைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள் அம்மா. பெற்றவள் பயம் பெற்றவளுக்கு.

நல்ல காலம், அந்த வருஷம் தொட்டில் பிள்ளை ஒன்றும் இல்லை. எல்லாம் நடக்கப் பழகியவை. சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் ஏறப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பசித்தாலும் விழுந்து அழுதாலும் அவை தாமாகவே வாங்கில் தவழ்ந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயம்மாவின் மடிக்கு நகர்ந்துவிடும். கெட்டிக்காரக் குட்டிகள். கொஞ்ச நாளில் அந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளையும் தூக்கச் சொல்லிக் கை நீட்டுவதில்லை.

அழகம்மாவின் மகன் வினோஜன் எல்லோரிலும் சின்னவன். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. ஒரு மாலை, கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அழகம்மா வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான், திரும்பிப் போய் வாங்கில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அழகம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலும் இப்படித்தானாம், அடிபட்டு அழுதாலும் அவளிடம் கை நீட்டுவதில்லையாம். விடியக் கருக்கலில் விட்டுப்போகிறவளைப் பிள்ளை எப்படித் தாய் என்று நினைக்கும், இந்த மாதத்தோடு தோட்டத்து வேலையிலிருந்து பேரை வெட்டிவிட்டு வீட்டிலேயே இருக்கப் போகிறேன் என்றாள்.

"எம் புள்ளைக்கு நா வேணாம்போல இருக்கு, நிலா."

பேசாமல் இருந்திருந்தால் நிலக்ஷியின் வேலை தப்பியிருக்கும். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அவன் மேல ஒரு குத்தமும் இல்லக்கா. நாந்தான் அப்படிப் பழக்கிட்டேன். என்னால தூக்க முடியாது. உள்ள கம்பி முறிஞ்சிருச்சு."

அழகம்மா அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பைப் பார்த்தாள்.

"இவன் அந்த அடுப்புக்கிட்டப் போயிருந்தா என்னா செஞ்சிருப்ப?"

"ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன்."

"தூக்கிட்டு?"

"அவனோட சேந்து விழுந்திருப்பேன்க்கா."

அழகம்மா வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் உனக்கு விளையாட்டா என்று கேட்டாள். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை என்று நிலக்ஷிக்குத் தெரியும். நாளைக் காலையில் ஆபீசில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அந்தக் கையோடு டொக்டரிடமும் போய் ஒப்பரேசனுக்கு நாள் கேட்பதாகச் சொன்னாள்.

"சொல்லு, சொல்லித்தான் ஆவணும். வேற ஆளு வர்றவரைக்கும் நா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகல. இங்கன இருக்கேன். நீ உக்காந்து பாத்துக்க, தூக்குறத நா பாத்துக்கிறேன்."

மகனைத் தானே போய் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்தாள்.

"ரொம்ப வலிக்குதா புள்ள?"

அந்தத் தோட்டத்தில் இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நிலக்ஷி தலையாட்டினாள், உடனே அழுகை பீறிட்டு வந்தது. குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொள்ள அவளால் முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அழுதாள்.