கதவை அடைத்த மறுநாள்

"சூப்பர்ங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. எந்திரம் கேரக்டர் செம."

வில்லியனூர் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியிலிருந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில், சுழற்றும் பொறிக்குள் குழாய்களை அடுக்கி மூடியை அழுத்திய கையோடு கைபேசியைத் திறந்த கல்பனா, அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, பொறி சுற்றி அடங்கும்வரை அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் வேலைக்கு வைக்கப்பட்ட எந்திரம், தானும் அந்த வீட்டு ஆட்களில் ஒருவன்தானா என்று நாவல் முழுக்கத் தன்னையே கேட்டு மாய்கிற, அவள் படிக்கக் கொடுத்தனுப்பிய கதை அது. அதைப் படித்து முடித்துவிட்டுக் கல்லூரி நாட்களில் இரண்டு நாள் யாருடனும் பேசாமல் திரிந்தவள் அவள். அதற்குத்தான் இந்தச் 'செம'.

எதிர்மேசையில் இரசீது போட்டுக்கொண்டிருந்த சகாயராணி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, மாப்ள மெசேஜா? மூஞ்சி ஏன் இப்புடி போவுது?"

"புக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். சூப்பர்ங்கறாரு."

"நல்லா இருந்தா சூப்பர்னுதான சொல்லுவாங்க. பின்ன, பத்து மார்க் கேள்விக்கு எழுதுற மாதிரி எழுதுவாங்களா?"

"எழுதுனா இன்னாவாம்?"

"அய்யே. நீ குடுத்தத நானுந்தான் படிச்சேன்."

"பதினோராவது பக்கத்துல வுட்டுட்ட."

"அதுல லவ்வே வரலடி!"

கல்பனாவுக்கு இந்தப் பதில் புதிதன்று. அறிவியல் புனைகதை என்ற சொல்லை எடுத்த இடத்திலெல்லாம் அவளுக்கு ஏதேனும் ஒரு சலிப்பு காத்திருந்தது. பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை, "பேய்க்கதைங்களா? எனக்கு பயம்ங்க" என்றார். அடுத்தவர், "அது படமா வந்துடுச்சா?" என்று கேட்டார். மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அக்காள்தான், இவ்வளவு படிக்கிற பெண் எப்போது சமைப்பாள் என்று தரகரிடம் கேட்டனுப்பினாள். நாலாவதாக வந்த ஒதியம்பட்டு அரிகரன், புதுச்சேரியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், மோட்டார் கொட்டகை ஓரமாகத் தனியே பேச விட்டபோது, "எனக்கும் இன்ட்ரஸ்ட் உண்டுங்க, நல்ல புக்கா பாத்து சொல்லுங்க" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கல்பனா அவனை வேண்டாம் என்று சொல்லாமலிருந்தாள்.

தன் அலமாரியிலிருந்து மூன்று நாவல்களைப் பொறுக்குவதற்கு அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. எடுத்த எடுப்பில் கடினமானதைக் கொடுத்தால் மிரண்டுவிடுவான். மிக எளிதானதைக் கொடுத்தால் இவ்வளவுதானா என்று எண்ணிவிடுவான். அவற்றை ஒவ்வொன்றாக ஒதியம்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவளுடைய அப்பா தங்கவேலின் தலையில் விழுந்தது. கரும்பு வெட்டு நேரத்தில் இது என்ன வேலை என்று அவருக்கும் எரிச்சல்தான்.

"ஊர்ல பொண்ணு வூட்லேர்ந்து பழம் குடுத்தனுப்புவாங்க, வெல்லம் குடுத்தனுப்புவாங்க. நம்ம வூட்லேர்ந்து ராக்கெட்டு கதை போவுது. கேட்டா இன்னா சொல்றது?"

"அதுல ராக்கெட்டே இல்லப்பா."

"இருந்திருந்தாவாச்சும் சொல்லிக்கலாம்."

முதல் நாவலில் ஒருவன் கடந்துபோன ஒரே நாளுக்குத் திரும்பத் திரும்பப் போய் வருவான். அதைப் பற்றி அரிகரன் எழுதியது: "சூப்பர்ங்க. ஃபேமிலி சென்டிமென்ட் நல்லா இருந்துச்சு." அந்த நாவலில் குடும்பப் பாசம் எங்கே வருகிறது என்று கல்பனா அதை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். இரண்டாவதுதான் அந்த எந்திரம். இனி அனுப்புவதில் பொருளில்லை என்று எண்ணியவள், மனம் கேட்காமல் மூன்றாவதையும் அனுப்பிவைத்தாள். அவளுடைய அலமாரியிலேயே அவளுக்கு உயிரான நாவல் அது.

நிலவின் தரைக்கு அடியில் ஒரு குடியிருப்பு. இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதற்குக் காவலாக ஒரு பெண். ஒரு பகுதியில் காற்று கசியத் தொடங்குகிறது. அவளுடைய மகன் அந்தப் பக்கம் இருக்கிறான். அவள் கதவை அடைத்துவிடுகிறாள். பக்கத்தைத் திருப்பினால், 'முப்பது ஆண்டுகள் கழித்து' என்று அடுத்த அத்தியாயம் தொடங்கும். அந்தப் பக்கத் திருப்பத்தில்தான் கல்பனா அந்த நாவலுக்குள் விழுந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதற்கு வந்த பதிலில் 'சூப்பர்' இல்லை. "அந்தக் கதவை அடைக்கிற இடத்துக்கு அப்புறம் சோறு எறங்கலங்க" என்று மட்டும் இருந்தது.

கல்பனா அதைப் பேருந்தில் படித்தாள். தன் ஊரான ஏம்பலத்தில் இறங்க வேண்டியவள் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டு, வரப்போரமாக நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அடுப்படியிலிருந்த அம்மா அம்சவள்ளியிடம், "எனக்குச் சம்மதம்னு சொல்லிடுங்க" என்றாள். என்ன, ஏது என்று விசாரிக்க அம்சவள்ளிக்குத் துணிவில்லை. கேட்டால் மகள் மனத்தை மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்ற அச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது என்று முடிவாயிற்று. மாமியாராக வரப்போகிறவள் கையால் சடையில் பூ ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல் பெண்ணோடு நிற்காது; அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுக்கும்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிக்கொண்டிருந்த வேளையில், கல்பனா அரிகரனைக் கைபேசியில் அழைத்துப் பின்பக்கம் வரச்சொன்னாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பல ஆண்டுகளாக யாரிடமாவது கேட்கவேண்டும் என்று அவள் பொத்தி வைத்திருந்த கேள்வி.

"அவ கதவை அடைச்சது சரியா, தப்பா? நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

அரிகரன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"எந்தக் கதவுங்க?"

கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கல்பனா தன் காதில் சரியாக விழவில்லை என்றே எண்ண விரும்பினாள்.

"சோறு எறங்கலன்னு எழுதுனீங்களே!"

"அதுங்களா..." அவன் வீட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அம்மாக்குதாங்க எறங்கல. எனக்கு நாலு பக்கம் படிச்சா தூக்கம் வந்துடும். அம்மாதான் படிப்பாங்க. அம்மா படிக்கறப்ப நான் பக்கத்துல பூண்டு உரிச்சிக்கினு கேப்பேன். அப்புறம் அவங்க சொல்றத உங்களுக்கு அனுப்புவேன்."

"ஃபேமிலி சென்டிமென்ட் நல்லா இருக்குன்னு உங்க அம்மாவா சொன்னாங்க?"

"அவங்க சொன்னது வேறங்க. 'ஒரே நாளைக்கு இத்தினி தடவ போயி வர்றானே, ஒரு தடவயாச்சும் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு போறானா'ன்னு திட்டுனாங்க. அதை அப்படியே அனுப்ப முடியுங்களா?"

"எந்திரம்?"

"'அதுக்கு ஒரு நாளு லீவு குடுத்தாங்களா'ன்னாங்க."

"அது செம ஆயிடுச்சு."

"பொண்ணு ஆசையா குடுத்தனுப்புன புக்கை குறை சொல்லக்கூடாதுன்னு வூட்ல எல்லாரும் சேர்ந்துதாங்க முடிவு பண்ணோம்."

"எல்லாரும்னா?"

"நானு, அம்மா, அப்பா. மாமாகிட்ட ஃபோன்ல கேட்டோம்."

அவன் ஏமாற்றுக்காரனைப் போல நிற்கவில்லை. ஒப்படைத்த வேலையைச் செவ்வனே முடித்தும் திட்டு வாங்குகிறவனைப் போல நின்றான். கல்பனாவுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒழுங்கான ஆள் கிடைக்காத வாழ்க்கை. அதற்குள் அம்சவள்ளி பின்கட்டு வாசலில் வந்து நின்று, "அடியே, நாலரைக்கு ராவு காலம், உள்ள வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தாள்.

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். உறவினர்கள் சுவரோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். நடுவில் மணை. கல்பனா அதில் அமர்ந்தாள். அமர்ந்தபின்தான், எழுந்திருப்பது எப்படி என்று யோசித்தாள். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். அது ஒரு மணிநேரத்துக்குத் தாங்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி பூ வாங்கிக்கொண்டு வருவார்கள். உள்ளதைச் சொல்லலாம். மாப்பிள்ளை நாவல் படிக்கவில்லை என்று இந்தக் கூடத்தில் எழுந்து நின்று சொன்னால், முதலில் சிரிப்பது யாராக இருக்கும் என்று அவள் பார்வையை ஓட்டினாள். அப்பா சிரிக்கமாட்டார். வாசற்படிக்கு அருகில், புதுச்சட்டையில் மடிப்புக் கலையாமல், வந்தவர்களுக்கெல்லாம் கலர் பாட்டில் எடுத்துக்கொடுத்தபடி நின்றார். எதிரே அரிகரன் கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

அரிகரனின் அம்மா அமுதம் அவளுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டாள். கனத்த உடம்பு, முழங்கால் மடங்கும்போது மெல்ல முனகினாள். கொண்டை ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, மல்லிகைச் சரத்தின் ஒரு நுனியைக் கல்பனாவின் காதுக்குப் பின்னால் சொருகினாள். சொருகிய கையோடு அவள் வாய் கல்பனாவின் காதருகே வந்தது.

"ஒன்னு சொன்னா கோச்சிக்கமாட்டியே?"

பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

"அந்தக் கதவு புக்கு. அத எழுதுனவன் மட்டும் என் கையில கெடைக்கணும்."

கல்பனா தலையைத் திருப்பவில்லை. "ஏன், புள்ளைய அந்தாண்ட வுட்டு அடைச்சதுக்கா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"அடைச்சா, சரி. அந்த நேரத்துக்கு அவளுக்கு இன்னா புத்தியோ, வுடு. அடைச்சிட்டு மறுநாளு காலைல எழுந்து இன்னா பண்ணா? மூஞ்சி கழுவினாளா, அடுப்ப பத்த வெச்சாளா, அவன் தட்ட எடுத்து எங்க வெச்சா? அத ஒரு வரி எழுதலயே! முப்பது வருசம் கழிச்சுன்னு போட்டுட்டு போறான். நான் பக்கம் ஒட்டிக்கிச்சோன்னு நெனச்சி எச்சி தொட்டு பிரிச்சி பாக்கறேன். ஒன்னும் இல்ல."

ஊசி உதட்டில் இருந்தும் சொற்கள் தடுமாறவில்லை. கல்பனா திரும்பிவிட்டாள். சரம் இழுபட்டது.

"அது வேணும்னே வுட்டது அத்தை. நாமளே நெனச்சிக்கணும்னு வுட்டது. அதான் அந்த நாவலே."

"வேணும்னு வுட்டானா? எழுத சோம்பிப்போயி வுட்டான். நானே நெனச்சிக்கறதுக்கு நீ எதுக்குய்யா புக்கு போடற?"

"எல்லாத்தையும் எழுதிட்டா படிக்கறவங்களுக்கு இன்னா வேலை?"

"எனக்கு வூட்ல வேலை இல்லன்னு யாருடி சொன்னது?"

"அப்ப கதவு அடைக்கறதுக்கு முன்னாடி அவ மகன் பேசுறானே, அந்த காத்துக் குழாய் பத்துன அத்தியாயத்துல, அதுல எல்லாத்துக்கும் பதில் இருக்கே!"

அமுதம் சரத்தின் மறுபாதியை விரல்களில் சுற்றிக்கொண்டாள்.

"எது, அந்தக் குழாயி மெஷினு வர்றதா? மெஷினு வர்ற பக்கத்த எல்லாம் நான் தள்ளிட்டேன்."

"தள்ளிட்டீங்களா?" கல்பனாவின் குரல் கூடத்துக்கே கேட்டது. தங்கவேல் கையில் பாட்டிலோடு திரும்பினார். "அதுலதான அந்தக் கதவை ஏன் மறுபடி திறக்க முடியாதுன்னு இருக்கு! அது தெரியாம எப்படி அத்தை நீங்க கருத்து சொல்லலாம்?"

"காத்து, குழாயி, அழுத்தம்னு பத்து பக்கம். யாரு படிப்பா?"

"படிக்கணும்! அதுக்குப் பேரே அறிவியல் கதை!"

"இன்னாம்மா ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கினு கெடக்கிறீங்க?" என்று சுவரோரத்திலிருந்து அரிகரனின் அப்பா சிவப்பிரகாசம் குரல் கொடுத்தார். "நேரம் போவுது பாரு. பூவ வெச்சிட்டு பேசுங்க, யாரு வாணாங்கறாங்க."

"இருங்க" என்றாள் அமுதம், அவர் பக்கம் திரும்பாமலே.

உறவுக்காரப் பெண்களிடையே ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மாமியாரும் மருமகளும் இப்போதே தொடங்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். கல்பனா எதிரே பார்த்தாள். அரிகரன் இன்னும் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். திரைக்கு மேலாக அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் இருந்தது பயமா, வேண்டுதலா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே மூன்று நாவல்களைக் கேட்டவன். அவற்றில் ஒரு கதவுகூட அவன் மனத்தில் தங்கவில்லை.

"நான் உங்க பையனைத்தான் கட்டிக்கணும் அத்தை" என்று மெல்லச் சொன்னாள். "உங்களை இல்ல."

"அதான் எனக்கும் கவலையா கெடக்குது" என்றாள் அமுதம்.

கல்பனாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதை விடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இந்த மணையைவிட்டு எழுந்து போவதா, அல்லது அதை எடுத்துக்கொண்டு அமுதத்தின் வீட்டுக்குள் போவதா என்பதுதான் தெரியவில்லை.

"அந்த மறுநாளு காலைல," என்றாள் அமுதம், இப்போது குரலை இன்னும் தாழ்த்தி, "அவ இன்னா பண்ணியிருப்பான்னு நீ நெனச்ச? நெனச்சிக்கறதுக்குத்தான வுட்டான்ற. நீ இன்னா நெனச்ச, சொல்லு."

கல்பனா வாயைத் திறந்தாள். அத்தனை முறை படித்தும் அந்தப் பக்கத்தைத் திருப்பிய வேகத்தில், மறுநாளை நினைத்துப் பாராமல், முப்பது ஆண்டுகளையும் தானும்தான் தாண்டிப் போயிருந்தாள் என்பது, மணையில் அமர்ந்திருந்த அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது.

"ராவு காலம் வந்துடப் போவுது" என்று அம்சவள்ளி அழாத குறையாகச் சொன்னாள்.

மல்லிகைச் சரத்தின் ஒரு பாதி கல்பனாவின் சடையில் ஏறியிருந்தது. மறுபாதி அமுதத்தின் விரல்களில் சுற்றியிருந்தது. உதட்டில் கவ்விய ஊசியோடு, பதிலுக்காக, அவள் காத்துக்கொண்டிருந்தாள்.